அன்னம்மாளின் கையெழுத்தும் இரண்டு மென்பொருள்களும்

லேசர் இயந்திரத்துக்கு எந்த மென்பொருள் வாங்கலாம் என்று, போன வாரம் நான் நம் கடைக்கு வந்திருந்தபோது நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்னைக் கேட்டீர்கள். ஆளுக்கொரு பெயர் சொன்னீர்கள். இது வேகம், அது சுலபம், இன்னொன்றில் புகைப்படம் அழகாக விழுகிறது என்றீர்கள். டீ ஆறும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பதில் சொல்லாமல் பேருந்துக்குக் கிளம்பிவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. நின்ற நிலையில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பதில் எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது உங்கள் கைக்கு வந்து சேரும்.

நான் இந்தத் தொழிலுக்கு அச்சகத்திலிருந்து வந்தவள். கல்யாணப் பத்திரிகைகளுக்குத் தமிழ் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ஊர் வில்லியனூர்ப் பக்கம். அப்பாவுக்குக் கரும்பும் நெல்லும். எங்கள் குடும்பத்தில் டவுனுக்கு வேலைக்கு வந்த முதல் பெண் நான்தான். பாஸ்கரன் அண்ணன் தன் கடைக்குக் கணினியில் எழுத்து அமைக்க ஆள் வேண்டும் என்று கேட்டபோது வந்து சேர்ந்தேன். வீட்டு வாசலுக்குப் பெயர்ப் பலகை, லாஸ்பேட்டைக் கல்லூரிகளின் விளையாட்டு விழாவுக்குக் கோப்பை, தேங்காய்த்திட்டுப் படகுக்காரர்களுக்குப் படகின் பெயர் வெட்டிய தகடு, இவைதான் அப்போது கடையின் வேலை. எல்லாம் சுழலும் ஊசியால் வெட்டியது. கடை முழுக்கத் தூளும் சத்தமுமாக இருக்கும்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆன பிறகு லேசர் இயந்திரம் வந்தது. முதல் நாள் அண்ணன் ஒரு கறுப்பு அக்ரிலிக் துண்டை உள்ளே வைத்து, கண்ணாடி மூடியை இறக்கி, பொத்தானை அழுத்தினார். ஊசி இல்லை, உளி இல்லை, பொருளைத் தொடுவது என்று எதுவுமே இல்லை. ஒரு சின்ன வெளிச்சம் நகர்ந்தது. அது நகர்ந்த இடமெல்லாம் எழுத்தாக நின்றது. கோயிலில் திரை விலகும்போது பேச்சு தானாக நின்றுபோகுமே, அப்படி எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். நான் கண்ணாடியில் மூக்கு ஒட்டும்படி நின்று பார்த்தேன். உங்களுக்கு அது பிறந்ததிலிருந்து பார்த்த சாமான் மாதிரி இருக்கலாம். எனக்கு ஓய்வு பெறும் நாள்வரை அது பழகவில்லை.

இயந்திரத்தோடு ஒரு குறுந்தட்டில் சின்ன மென்பொருள் ஒன்றும் வந்திருந்தது. அதன் ஆங்கிலம் எங்கள் ஆங்கிலத்தைவிட மோசம். பெரிய படம் எதையாவது ஏற்றினால் அப்படியே உறைந்துபோகும். அண்ணனுக்கு அது பிடிக்கவே இல்லை. "இது சும்மா குடுத்தது தனம். நல்லதா ஒண்ணு வாங்கிடலாம்" என்று சொல்லி, சென்னையில் பெரிய மென்பொருள் ஒன்றை விற்கிறவர்களிடம் பேசிவிட்டார். அவர்களுடைய ஆள் ஒருநாள் வந்து கடையிலேயே ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு.

அவர் வருவதற்கு முந்தைய நாள் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா கடை வாசலில் வந்து நின்றது. உயரமான முதியவர் ஒருவர் இறங்கினார். இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை, பளபளவென்று துடைத்த ஷூ. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களை நம் ஊரில் 'சொல்தா' என்பார்கள். நிற்பதைப் பார்த்தாலே இவர் சொல்தா என்று தெரிந்தது. இரண்டு கைகளாலும் ஒரு தகர டிரங்குப் பெட்டியின் மூடியை அணைத்துப் பிடித்திருந்தார். பெட்டி இல்லை, கீலிலிருந்து கழற்றிய மூடி மட்டும்.

"பொன்ழூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிவிட்டுத் தமிழுக்கு வந்தார். "கல்லுல பேரு போடற மிஷினு வந்துருக்குதாமே?"

"வந்துருக்குது ஐயா. உக்காருங்க. என்னா பேரு போடணும்?" என்றார் அண்ணன்.

அவர் மூடியைத் திருப்பி மேசைமேல் வைத்தார். துரு ஏறிய பச்சைத் தகரத்தில் வெள்ளைப் பெயிண்டால் தூரிகை கொண்டு எழுதியிருந்தது: அன்னம்மாள். எழுத்துகள் ஏறி இறங்கி, ஒன்று சிறுத்து ஒன்று பெருத்து, கடைசி எழுத்து மூடியின் ஓரத்தை முட்டிக்கொண்டு நின்றது.

"என் பொஞ்சாதி. போன தவக்காலத்துல போயிட்டா" என்றார். "நான் வெளிநாட்டுல பட்டாளத்துல இருந்தப்ப, அவ தனியா கிளம்பி என்கிட்ட வந்தா. பெட்டி தொலைஞ்சிடக் கூடாதுன்னு பேரு எழுதணும். போர்டு எழுதற ஆள கூட்டியாந்தாங்களாம். வேணாம், என் பேர நானே எழுதறேன்னுட்டா. அவளுக்கு எழுதத் தெரிஞ்சதே இது ஒண்ணுதான். கல்யாணம் பதியறப்ப கைநாட்டு வைக்க மாட்டேன்னு அடம்புடிச்சு, அவ அண்ணன்கிட்ட கத்துக்கினா."

மூடியை அண்ணன் பக்கம் நகர்த்தினார்.

"கல்லறையில வேற எதுவும் வேணாம். இந்த எழுத்து, இதே மாதிரி."

கல்லும் அன்று மாலையே வந்துவிட்டது. கல்லறையில் பதிப்பதற்காக இழைத்து மெருகேற்றிய கறுப்புக் கிரானைட். கல்லறைத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய மகன் பிரான்சிலிருந்து அதற்காக வருகிறார். வந்த வேகத்தில் திரும்பிவிடுவார். அதற்குள் கல்லைப் பதித்து, பங்குச் சாமியார் வந்து மந்திரித்தாக வேண்டும். இது கெட்டுப்போனால் இன்னொரு கல் அறுத்து மெருகேற்ற நேரமில்லை என்று கல் பட்டறையில் சொல்லிவிட்டார்களாம். கிரானைட்டில் லேசர் பட்ட இடம் வெளுத்துவிடும். அழிக்க முடியாது. உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நாளைக்கு வர்றவரு கோப்பையும் சாவிக்கொத்தும் கொண்டாந்து காட்டுவாரு. அத விடு. இதக் குடுப்போம். என்னா பண்றாருன்னு பாக்கலாம்."

அண்ணன் எடுத்த முடிவுகளில் இதுவே ஆகச் சிறந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். விற்க வருகிறவர் தன் பொருளுக்குத் தோதான மாதிரியைத்தான் பையில் கொண்டுவருவார். உங்களிடம் இருக்கிற கடினமான வேலையை எடுத்து அவர் முன்னால் வையுங்கள்.

மறுநாள் வந்தவர் பெயர் வினோத். மடிக்கணினியும், மென்பொருளைத் திறக்கும் சாவியாக ஒரு சின்னச் செருகியும் வைத்திருந்தார். நல்ல கெட்டிக்காரர், பணிவானவர். டிரங்கு மூடியை நேர் மேலிருந்து படமெடுத்துக் கணினியில் ஏற்றினார். ஒரு பொத்தானை அழுத்தினார். தகரத்தின் துரு, கீறல், நிழல் எல்லாம் ஒரே நொடியில் மறைந்து, வெள்ளைத் திரையில் பெயர் மட்டும் நின்றது. இன்னொரு பொத்தான். எழுத்துகளின் ஓரம் வழவழப்பாகிவிட்டது. இன்னொன்று. கோணலாக ஏறியிருந்த வரி நேராகப் படுத்துக்கொண்டது. அச்சகத்தில் நாங்கள் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து செய்கிற வேலை அது. அண்ணன் என் தோளைத் தட்டி, "பாத்தியா! பாத்தியா!" என்றார்.

மரத்துண்டு ஒன்றில் அதை வெட்டிப் பார்த்தோம். சுத்தமான வேலை. சொல்தா ஐயா வந்ததும் அண்ணன் அதைப் பெருமையோடு அவர் கையில் கொடுத்தார்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாருக்குது. கோயில் வாசல்ல எழுதி வப்பாங்களே, அது மாதிரி அழகா இருக்குது. ஆனா இது யாரு எழுதினது?"

வினோத் முன்னால் வந்து, "உங்க வைஃப் எழுத்துதான் சார். கொஞ்சம் க்ளீன் பண்ணிருக்கேன். கோணல மட்டும் எடுத்துட்டேன்" என்றார்.

"கோணல எடுத்துட்டா அவ எங்கப்பா இருக்கறா இதுல?"

கோபமாகச் சொல்லவில்லை. வழி தெரியாதவர் வழி கேட்பதுபோலத்தான் கேட்டார்.

வினோத் சளைக்காமல் வழவழப்பைக் குறைத்துப் பார்த்தார். அப்போது ஓரமெல்லாம் ரம்பப் பல் மாதிரி ஆகிவிட்டது. அந்த மென்பொருள் எழுத்தைச் சுற்றி வேலி போடுவதுபோல இரண்டு பக்கமும் கோடு போட்டது. நடுவில் போன கை அதற்குத் தெரியவில்லை. மதியமாகிவிட்டது. "சாப்புட்டு வந்து பாத்துக்கலாம்" என்று அண்ணன் அவரை அழைத்துக்கொண்டு போனார். சொல்தா ஐயா சாப்பிடப் போகவில்லை. சுவரோரம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் என் டப்பாவைத் திறக்காமல் டிரங்கு மூடியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

எங்களிடம் இருந்த சின்ன மென்பொருளில் தானாக நடக்கிற வசதி எதுவும் கிடையாது. படத்தை அடியில் வைத்து, அதன்மேல் கணினியின் எலியால் புள்ளி புள்ளியாகச் சொடுக்கிக் கோடு இழுக்கலாம், அவ்வளவுதான். தூரிகையின் தடிமன் வராது. ஆனால் கை போன பாதை வரும். அதை இழுத்துப் பார்ப்போமே என்று தோன்றியது. கோட்டை எங்கே தொடங்குவது என்று பெயிண்டை உற்றுப் பார்த்தேன்.

பார்க்கப் பார்க்கத் தெரிந்தது. தூரிகை தொட்ட இடத்தில் பெயிண்ட் தடித்திருந்தது. கை போகப் போக மெலிந்தது. ஒரு கோட்டை இன்னொரு கோடு தாண்டும் இடத்தில் எது மேலே ஏறியிருக்கிறதோ அதுதான் பிறகு எழுதியது. 'அ'வின் சுழியில் தயக்கமே இல்லை. கற்றுக்கொண்டபோது அந்த எழுத்தைத்தான் அதிகம் எழுதிப் பார்த்திருப்பார். அடுத்த இரண்டு 'ன'வில் முதலாவது தடுமாறியிருந்தது. அதைப் பார்த்துத் திருத்திக்கொண்டதுபோல இரண்டாவது நன்றாக வந்திருந்தது. 'மா'வுக்கு முன்னால் தூரிகையை எடுத்து யோசித்திருக்கிறார். அங்கே பெயிண்ட் சொட்டி நின்றிருந்தது. பிறகு இடம் போதாது என்று பயந்து நெருக்கி எழுதி, இடம் மிச்சமிருப்பதைக் கண்டதும் கடைசி 'ள்'ளைப் பெரிதாக வீசியிருக்கிறார்.

நான் அவரைப் பார்த்ததில்லை. அவர் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது. ஆனால் அவர் எந்த இடத்தில் பயந்தார், எந்த இடத்தில் சந்தோஷப்பட்டார் என்று என் விரலுக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

மூன்று புள்ளிகளுக்கு வந்தேன். முதல் புள்ளி தடிமன், இரண்டாவது அதைவிடச் சன்னம், மூன்றாவதில் பெயிண்டே தீர்ந்து தகரம் தெரிந்தது. தூரிகையை ஒரே தடவை பெயிண்டில் முக்கி வைத்தவை. அப்படியென்றால் எழுத்தோடு எழுத்தாக வைத்ததில்லை.

"ஐயா, அம்மா புள்ளியெல்லாம் எப்ப வப்பாங்க?" என்று கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"கடைசியில. பேரு முழுக்க எழுதிட்டு, திரும்பி வந்து ஒண்ணொண்ணா வப்பா. கோலம்னா மொதல்ல புள்ளி வக்கிற, இதுக்கு மட்டும் ஏன் கடைசியிலன்னு கேப்பேன். சிரிப்பா." எழுந்து என் பக்கத்தில் வந்தார். "உனக்கு யாரு சொன்னது?"

"இங்க தெரியுது ஐயா."

நான் விரலால் காட்டினேன். குனிந்து பார்த்தார். எத்தனையோ வருடம் வீட்டில் இருந்த பெட்டி. அதைத் திறந்து மூடியவர்தான். மூன்றாவது புள்ளியின் மேல் விரலை வைத்தபடி அப்படியே நின்றார். திருநாள் பூசையைப் பற்றிச் சாமியாரிடம் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மாலையில் வந்துவிடுவதாகச் சொன்னார்.

அண்ணனும் வினோத்தும் திரும்பி வந்தபோது நான் கோடு இழுத்து முடித்திருந்தேன். வினோத் பார்த்துவிட்டு, "சூப்பர் மேடம்! இதையே எங்க சாஃப்ட்வேர்ல ஏத்திடலாம்" என்றார். ஏற்றவும் செய்தார். கல்லை உள்ளே வைத்து, வெட்டாமல் வெறும் சிவப்புப் புள்ளியை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தோம். லேசர் கற்றை எந்த வழியில் போகும் என்று காட்டுகிற புள்ளி அது.

சிவப்புப் புள்ளி 'ள்'ளின் வாலில் தொடங்கியது. அங்கிருந்து ஒரு மெய்யெழுத்தின் தலைக்குத் தாவியது. 'மா'வின் காலைப் பின்னாலிருந்து ஏறியது. 'அ'வைத் தலைகீழாகச் சுற்றியது. எது பக்கத்தில் இருக்கிறதோ அதை முதலில் முடித்து, வீண் அலைச்சலைக் குறைக்கிற ஏற்பாடு. வினோத் அதைத்தான் முக்கியமான வசதியாகச் சொன்னார். "நேரம் பாதியா குறையும் சார். ஒரு பேருக்குத் தெரியாது. கோப்பை ஆர்டர் மொத்தமா வரும்போது பாருங்க."

உண்மைதான். பிறகு சின்ன மென்பொருளில் ஓட்டிப் பார்த்தோம். அதற்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. நான் இழுத்த வரிசையிலேயே, 'அ'வில் தொடங்கி, அலைந்து திரிந்து, கடைசியில் திரும்பி வந்து மூன்று புள்ளிகளை வைத்தது.

"அண்ணே, இதுலயே வெட்டிடலாம்" என்றேன்.

அண்ணனுக்குப் புரியவில்லை. "முடிவுல ரெண்டும் ஒண்ணுதானே தனம்? கல்லப் பாக்கறவங்களுக்கு எது முன்னாடி எது பின்னாடின்னா தெரியப் போவுது? இந்தச் சனியன் நடுவுல உறைஞ்சுபோச்சுன்னா கல்லு போச்சு. அந்த மனுஷன் முகத்துல எப்படி முழிக்கிறது?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்தச் சமயத்தில் என் மனதில் இருந்த காரணத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. அதற்கு அடுத்ததாக இருந்த காரணத்தைச் சொன்னேன்.

"பெரிய படம்னாதான் இது உறையுது அண்ணே. இது ஒத்தப் பேரு. உறையாது. ஆனா நடுவுல கரண்டு போனா? கம்ப்யூட்டருக்கு பேட்டரி இருக்குது, மிஷினுக்கு இல்ல. அவுங்க சாஃப்ட்வேர் எங்கெங்கயோ தாவுது. எத முடிச்சுது, எத முடிக்கலன்னு தேடணும். இதுல நான் போட்ட வரிசை எனக்குத் தெரியும். நின்ன எடத்துலேருந்து புடிச்சிடுவேன்."

அண்ணன் வினோத்தைப் பார்த்தார். "உங்களுதுல நாங்க போடற வரிசைலயே போவ வைக்க முடியுமா?"

வினோத் பட்டியல்களைத் திறந்து திறந்து பார்த்தார். வெளியே போய் அவருடைய அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டு வந்தார். ஆம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு விற்றிருப்பார். "இந்த வெர்ஷன்ல முடியாது சார். மேடம் சொல்றதுதான் சரி. இந்த வேலைய உங்களுதுலயே பண்ணுங்க" என்றார். அப்படிச் சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பாமல், முடிகிறவரை இருந்து பார்க்கிறேன் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அண்ணன் கல்லை ஒருமுறை துணியால் துடைத்தார். பிறகு, "சரி, நீயே ஓட்டு" என்று எழுந்து இடம் கொடுத்தார்.

சொல்தா ஐயா வந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. வாடிக்கையாளரை இயந்திரத்துக்குப் பக்கத்தில் விடுவது வழக்கமில்லை. நான் தள்ளி நின்று, கண்ணாடி மூடிக்கு நேராக அவருக்கு இடம் விட்டேன். அவரிடம் எதையும் விளக்கவில்லை.

பொத்தானை அழுத்தினேன்.

வெளிச்சம் 'அ'வின் சுழியில் தொட்டது. கறுப்புக் கல்லில் வெள்ளையாக ஒரு வளைவு பிறந்தது. அவர் முதலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சாதாரணமாகத்தான் பார்த்தார். சுழி சுற்றி முடிந்து கோடு கீழே இறங்கியபோது கைகள் தாமாக அவிழ்ந்தன. முதல் 'ன'வில் வெளிச்சம் தடுமாறியது. அன்னம்மாள் தடுமாறிய அதே இடத்தில். இரண்டாவது 'ன' நன்றாக வந்தது. அவருடைய உதடுகள் அசைந்தன.

"அவதான்" என்றார். என்னிடம் சொல்லவில்லை. "அவதான் எழுதறா."

உள்ளே காற்றை உறிஞ்சும் விசிறி மட்டும் இரைந்தது. யாருடைய கையும் இல்லாத இடத்தில் ஒரு கை எழுதிக்கொண்டிருந்தது. அந்தக் கோட்டை இழுத்தவள் நான். எந்தப் புள்ளிக்கு அடுத்து எந்தப் புள்ளி என்று எனக்கு மனப்பாடம். இருந்தும் அடுத்து என்ன வரும் என்று நானும் எட்டிப் பார்த்தேன். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றதை நான் பிறகுதான் கவனித்தேன்.

'மா'வின் கால் இறங்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது.

விசிறி நின்றது. வெளிச்சம் போனது. அண்ணன் "ஐயோ" என்று தலையில் கைவைத்தார். வினோத் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். யாரும் கல்லைத் தொடாதீர்கள் என்று மட்டும் சொன்னேன்.

சொல்தா ஐயா மட்டும் அசையவில்லை. பாதியில் நின்ற எழுத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "மூச்சு வாங்கறா. விடு. வருவா."

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. கரண்ட் வந்தது. கரண்ட் வந்ததும் இயந்திரத்தின் வெட்டும் தலை மூலைக்குப் போய் ஒருமுறை முட்டிவிட்டுத்தான் மறுபடி கிளம்பும். திரும்பி வரும்போது மயிரிழை விலகினாலும் கோடு இரட்டையாகிவிடும். வெட்டும் கற்றையை அணைத்துவிட்டு, ஏற்கெனவே எழுதி முடித்த எழுத்துகளின் மேல் சிவப்புப் புள்ளியை முதலில் ஓடவிட்டேன். 'அ', 'ன்', 'ன', 'ம்'. வெள்ளைக் கோட்டை விட்டு எங்கும் இறங்காமல் புள்ளி அதன்மேலேயே ஊர்ந்து போனது. வினோத் குனிந்து பார்த்துக்கொண்டே, "லைன்லதான் மேடம் இருக்குது, லைன்லதான் இருக்குது" என்று முணுமுணுத்தார்.

'மா'வின் காலிலிருந்து தொடர்ந்தேன். இறங்கியது, திரும்பியது. 'ள்' வீசிக்கொண்டு போய்க் கடைசியில் நின்றது. சொல்தா ஐயா இன்னும் காத்திருந்தார். அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். வெளிச்சம் திரும்பி முன்னால் வந்து, முதல் 'ன'வின் தலையில் ஒரு புள்ளி வைத்தது.

"வச்சுட்டா" என்றார்.

அடுத்தது. கடைசியாக 'ள்'ளின் மேல் மூன்றாவது. அதன் பிறகு வெளிச்சம் அணைந்தது.

மூடியைத் திறந்துவிட்டேன். அவர் குனிந்து, புறங்கையால் எழுத்தின் மேல் படிந்திருந்த வெள்ளைத் தூளைத் தள்ளினார். "அன்னம்" என்று ஒருமுறை கூப்பிட்டார். பிறகு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் அண்ணனைப் பார்த்தார், வினோத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில் இயந்திரத்தைப் பார்த்து "மெர்சி" என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் அன்று பெரிய மென்பொருளை வாங்கவில்லை. மொத்த ஆர்டர்கள் வரத் தொடங்கிய பிறகு அதையும் வாங்கினோம், அதே வினோத்திடம். அது நன்றாகவே உழைத்தது. ஆகவே ஒன்று நல்லது மற்றது கெட்டது என்று நான் சொல்லவில்லை. உங்கள் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான்: எந்த மென்பொருளையும், என்னென்ன தானாகச் செய்வாய் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். நான் வேண்டாம் என்றால் எதையெல்லாம் செய்யாமல் இருப்பாய் என்றும் கேளுங்கள். வருகிறவர்கள் கொண்டுவருகிற கோணலில் சில திருத்த வேண்டியவை, சில தொடக் கூடாதவை. எது எது என்று எந்தப் பட்டியலிலும் போட்டிருக்காது. பொருளைக் கொண்டுவந்தவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதைத் தெரிந்துகொண்ட பிறகு உங்கள் கையைக் கட்டிப்போடாத மென்பொருள் எதுவோ, அதை வாங்குங்கள்.

கல்லறைத் திருநாள் முடிந்து, மகனும் ஊருக்குப் போன பிறகு, ஒரு காலையில் சொல்தா ஐயா கடைக்கு வந்தார். கையில் வெள்ளைத் தாளும் பேனாவும்.

"கல்லுல கீழ எடம் இருக்குது இல்ல? அதுக்குத்தான் வந்தேன். நான் எழுதறத நீ பாத்துக்க. நான் போன பொறவு, எத மொதல்ல எழுதினேன்னு வந்து யாரும் சொல்லமாட்டாங்க."

எதிரில் உட்கார்ந்தார். காலம் பூராவும் பிரெஞ்சில் கையெழுத்துப் போட்டவர். அதையே போடுவார் என்று நினைத்தேன். பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு தமிழில் எழுதத் தொடங்கினார்: அருளப்பன். பள்ளிக்கூடத்தில் தமிழ் அதிகம் எழுதியதில்லை போலிருக்கிறது. 'ரு'வில் பேனா சிக்கியது. 'ள'வை ஒருமுறை தப்பாக வளைத்து, அதன்மேலேயே திருப்பி வளைத்தார். நெற்றியில் வேர்த்துவிட்டது. எழுதி முடித்துத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"வேற தாள் தரட்டுமா ஐயா?" என்றேன்.

"வேணாம். அவ எழுத்துக்குக் கீழ இருக்கப் போவுது. இதுதான் சரி."

அவர் போன பிறகு, கை போன வரிசை மறப்பதற்குள் உட்கார்ந்து கோடு இழுத்து வைத்தேன். அந்தக் கோப்பு இன்னும் நம் கடைக் கணினியில் அவர் பெயரிலேயே இருக்கிறது. அவருக்கு இப்போது தொண்ணூறு தாண்டியிருக்கும். போன வாரம்கூடக் காலையில் கடற்கரைச் சாலையில் கைத்தடி ஊன்றி நடந்து போவதைப் பார்த்தேன். நின்று, நலமா என்று கேட்டார். நலம் என்றேன். அவருக்கும் கடலுக்கும் நடுவில் நல்ல வெயில் இருந்தது.

நான் கடையில் இல்லாத ஒருநாள், அவர் பெயரையும் போட அந்தக் கல் திரும்பி வரும். உங்களில் ஒருவர் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். கூட அவருடைய மகன் வந்திருக்கலாம். தமிழ் சரியாக வராதவர், அவசரமாக ஊர் திரும்ப வேண்டியவர். நேரமாகும் என்று சொல்லி அவரை வெளியே டீக்கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். கண்ணாடி மூடிக்கு நேராக ஒரு இடம் விட்டு நில்லுங்கள். எதையும் விளக்க வேண்டாம். அவர் வந்து நின்று, உள்ளே குனிந்து பார்க்கிறவரை பொறுத்திருந்து, பிறகு அழுத்துங்கள்.